திறமூல எஸ்டிகேவுக்குப் பங்களிப்பாளர்களை வளர்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஓர் எஸ்டிகேவுக்கு, அதாவது ஒரு சேவையைத் தங்கள் செயலியில் இணைக்க நிரலர்கள் எடுத்துக்கொள்ளும் நிரல் தொகுப்புக்கு, முதல் திருத்தத்தை அனுப்புபவர் பெரும்பாலும் திறமூலத்தின் மீதுள்ள பற்றால் வருபவர் இல்லை. வேலையில் இடறி விழுந்து வருபவர். பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது அவருடைய செயலி பாதியில் நின்றுவிடுகிறது. பிழையைத் துரத்திக்கொண்டே போனால் அது அவருடைய நிரலைத் தாண்டி உங்கள் எஸ்டிகேவுக்குள் நுழைகிறது. மறுமுயற்சி செய்யும் இடத்தில் ஒரு நிபந்தனை தவறாக இருக்கிறது. தன் கணினியில் அதைத் திருத்தியும் விட்டார். இனி அவருக்கு இரண்டு வழிகள். திருத்திய நகலைத் தன் நிறுவனத்துக்குள் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடலாம்; அல்லது திருத்தத்தை உங்களுக்கு அனுப்பலாம். இரண்டாவது வழிக்கு அவரால் ஒதுக்க முடிந்த நேரம், தாராளமாகக் கணக்கிட்டாலும், அரை நாள்.

எஸ்டிகே யாருக்கும் பொழுதுபோக்கு இல்லை. வேறொன்றைக் கட்டி முடிப்பதற்காக எடுத்துக்கொள்ளும் சரக்கு அது. அதனால்தான் அரட்டைக் குழு, மாதாந்தரக் கூட்டம், ஸ்டிக்கர் என்று சமூகத்தைத் தொடங்குகிறவர்களுக்கு ஆறு மாதத்தில் வெறும் அரட்டைக் குழு மட்டும் மிஞ்சுகிறது. முதலில் அந்த அரை நாளுக்குள் ஒருவர் உள்ளே வந்து வெற்றியோடு வெளியேறப் பாதை போட வேண்டும். பிறகு, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வருபவருக்கு அவருடையதென்று ஒரு மூலையைக் கொடுக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் கணக்கில் அமைந்ததே.

படி 1: உரிமமும் கையெழுத்தும்

உரிமக் கோப்பு இல்லாத களஞ்சியம் (நிரல் வைத்திருக்கும் இடம்) திறமூலம் ஆகாது. நிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மட்டும் அதைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. எஸ்டிகே பிறருடைய செயலிக்குள் சேர்ந்தே வெளியாகும் பொருள் என்பதால் எம்ஐடி, அப்பாச்சி 2.0 போன்ற தளர்வான உரிமங்களே இங்கே வழக்கம். சேர்த்து வெளியிடும் நிரலையும் அதே உரிமத்தில் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் வைத்தால் பல நிறுவனங்களின் சட்டப் பிரிவு வாசலிலேயே தடுத்துவிடும். என் தேர்வு அப்பாச்சி 2.0. காப்புரிமை அனுமதி அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. வேறுவிதமாகச் சொல்லாதவரை, திட்டத்துக்கு அனுப்பப்படும் பங்களிப்பும் அதே உரிமத்தின் கீழ் வருகிறது என்று அதன் 5-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது.

அடுத்தது கையெழுத்து. பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் என்ற பெயரில் தனி ஆவணம் கேட்கும் திட்டங்கள் உண்டு. நம் அரை நாள் மனிதர் ஊழியர். அந்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட முடியாது, அவருடைய நிறுவனம்தான் இட வேண்டும். அரை நாள் அங்கேயே பல வாரங்களாக நீண்டுவிடும். லினக்ஸ் கெர்னல் 2004-இல் கொண்டுவந்த மூலச் சான்று முறை இதைவிட எளிது. ஒவ்வொரு கமிட்டின் (பதிவாகும் மாற்றத்தின்) அடியிலும் "இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு" என்ற பொருளில் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு வரி இருந்தால் போதும். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டின் கட்டளையில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால் அந்த வரி தானாக விழுந்துவிடும். உரிமத்தைப் பிற்காலத்தில் ஒருதலையாக மாற்றும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் பெரும்பாலான எஸ்டிகேக்களுக்கு இதுவே போதுமானது. அந்த எண்ணம் இருந்தால் அதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நாணயம்.

படி 2: வெறும் கணினியில் தொடங்கிப் பாருங்கள்

எதுவும் நிறுவப்படாத ஒரு கணினியை, அல்லது ஒரு மெய்நிகர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்தை நகலெடுப்பதில் தொடங்கி, எல்லாச் சோதனைகளும் ஓடி முடிவது வரை கடிகாரத்தைப் பாருங்கள். பராமரிப்பாளர்களின் கணினிகளில் வருடக்கணக்கில் சேர்ந்த சூழல் மாறிகளும், எப்போதோ நிறுவிய கருவிகளும், குறிப்பேட்டில் இல்லாத சின்னச் சின்ன இணைப்புகளும் ஒளிந்திருக்கும். அவை இல்லாத கணினியில்தான் உண்மை தெரியும்.

நகலெடுத்தபின் ஒரே கட்டளையில் சார்புகள் (தேவையான பிற நிரலகங்கள்) நிறுவப்பட வேண்டும். இன்னொரு கட்டளையில் சோதனை ஓட வேண்டும். எந்த மொழிப் பதிப்பு தேவை என்பதை ஆவணத்தில் எழுதினால் மட்டும் போதாது. தவறான பதிப்பில் ஓட்டினால் நிரலே அதைத் தெளிவாகச் சொல்லி நிற்க வேண்டும். உங்கள் குழுவில் யாரும் விண்டோஸ் பயன்படுத்தாமல் இருக்கலாம். பயனர்களில் கணிசமானவர்கள் பயன்படுத்துவார்கள். அங்கே ஷெல் ஸ்கிரிப்ட் ஓடாது, வரி முடிவுக் குறிகள் வேறு, கோப்புப் பாதைச் சாய்வுக் கோடு வேறு. மூன்று இயங்குதளங்களிலும் தானியங்கிச் சோதனை ஓடினால் இந்தப் பிரச்சினைகள் பங்களிப்பாளரின் தலையில் விழாது.

ஒரு மொழியில் மட்டும் வேலை செய்யத் தெரிந்தவர் மற்ற மொழிகளின் கருவிகளை நிறுவ வேண்டியிருக்கக் கூடாது. ஒரே களஞ்சியத்தில் பைத்தான், ஜாவா, கோ மூன்றையும் வைத்துக்கொண்டு, பைத்தானில் ஒரு வரியைத் திருத்த ஜாவா கட்டுமானமும் ஓடி முடிய வேண்டும் என்று வைத்திருக்கும் திட்டங்களைப் பார்க்கும்போது, இவர்களுக்கு வெளியாட்கள் வருவது உண்மையிலேயே வேண்டுமா என்று தோன்றும்.

படி 3: சாவி இல்லாமல் ஓடும் சோதனைகள்

மற்ற திறமூலத் திட்டங்களுக்கு இல்லாத ஒரு தலைவலி எஸ்டிகேவுக்கு உண்டு: அது பேசும் சேவை வேறெங்கோ இருக்கிறது. சோதனை ஓட ஏபிஐ சாவி, அதாவது சேவைக்குள் நுழைய விடும் ரகசியக் குறியீடு, வேண்டும். சாவிக்குக் கணக்கு வேண்டும். சில வேளை கணக்குக்குக் கட்டணமும் வேண்டும். பங்களிப்பாளர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் கணக்கில் சோதனை ஓட்டினால் உண்மையான தரவு அழியும் ஆபத்து.

பராமரிப்பாளர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சோதனை வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில், ஃபோர்க்கிலிருந்து (வெளியாளின் நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்டுக்கு (மாற்றத்தை இணைக்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கு) உங்கள் களஞ்சியத்தின் ரகசியச் சாவிகள் கொடுக்கப்படுவதில்லை. பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்க வேண்டும். விளைவு என்னவென்றால், உங்கள் குழுவினர் அனுப்பும் மாற்றங்கள் எல்லாம் பச்சையாக ஓட, வெளியாட்கள் அனுப்புபவை மட்டும் எப்போதும் சிவப்பாக நிற்கும். முதல் முறையாக வந்தவர் தன் நிரலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தைத் தொலைப்பார். இதைச் சரிசெய்ய, இலக்குக் கிளையின் உரிமைகளோடு ஓடும் நிகழ்வு வகைக்குச் சிலர் மாறுகிறார்கள். அந்த வகையில் வெளியாளின் நிரலை இறக்கி ஓட்டினால் சாவியை அந்த நிரலின் கையிலேயே கொடுத்த மாதிரி. வேண்டாம்.

சரியான வழி பதிவுசெய்த பதில்கள். ரூபியில் விசிஆர், பைத்தானில் விசிஆர்பை போன்ற நிரலகங்கள் உண்மையான சேவையோடு ஒருமுறை பேசி, கோரிக்கையையும் பதிலையும் ஒரு கோப்பில் சேமித்துவிடும்; அடுத்த முறையிலிருந்து வலைத்தொடர்பே இல்லாமல் அந்தக் கோப்பிலிருந்து பதில் வரும். பதிவு செய்யும்போது அனுமதித் தலைப்பையும் வாடிக்கையாளர் விவரங்களையும் மறைக்கும் வடிகட்டி கட்டாயம். சேவையோடு நேரடியாகப் பேசும் சோதனைகளைத் தனித் தொகுப்பாகப் பிரித்து, மாற்றம் இணைக்கப்பட்ட பிறகோ இரவு நேரத்திலோ உங்கள் சாவியோடு ஓட்டிக்கொள்ளுங்கள். புதிய அம்சம் ஒன்றுக்குப் பங்களிப்பாளரால் பதிவு எடுக்க முடியவில்லையென்றால், "பதிவை நாங்கள் எடுத்துத் தருகிறோம், நீங்கள் நிரலை மட்டும் எழுதுங்கள்" என்று பங்களிப்புக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.

படி 4: தானாக உருவாகும் நிரலுக்கு வேலி

இன்று பல எஸ்டிகேக்களின் பெரும்பகுதி கையால் எழுதப்படுவதில்லை. சேவை எதையெல்லாம் ஏற்கும் என்று சொல்லும் ஓப்பன்ஏபிஐ விவரிப்பிலிருந்தோ, அமேசான் பயன்படுத்தும் ஸ்மிதி மாதிரியிலிருந்தோ இயந்திரம் எழுதித் தருகிறது. பங்களிப்பாளருக்கு இது தெரியாது. அவர் கண்ணில் படுவது ஒரு பிழையான கோப்பு. அதைத் திருத்தி அனுப்புகிறார். நீங்களும் அவசரத்தில் இணைத்துவிடுகிறீர்கள். அடுத்த உருவாக்கத்தில் அவருடைய வரிகள் தடயமே இல்லாமல் மறைந்துவிடுகின்றன. அடுத்த வெளியீட்டில் அதே பிழை மீண்டும் வருகிறது. அவர் மட்டும் மீண்டும் வருவதில்லை.

வேலி போடச் சில வழிகள். உருவான கோப்புகள் அனைத்தையும் ஒரே அடைவுக்குள் வையுங்கள். கையால் எழுதியவை அந்தப் பக்கமே போகக் கூடாது. கோ மொழியில் உள்ள வழக்கம் போல, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் "உருவாக்கப்பட்டது, திருத்த வேண்டாம்" என்ற வரி இருக்கட்டும். அதோடு, எந்த வார்ப்புருவிலிருந்து (டெம்ப்ளேட்) இந்தக் கோப்பு பிறந்தது என்ற பாதையும் இருக்கட்டும். பலர் முதல் பாதியை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கதவு மூடியிருக்கிறது என்று சொன்னால் போதாது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அந்த அடைவைத் தொடும் புல் ரிக்வெஸ்ட் வந்தால், திருத்த வேண்டிய வார்ப்புருவின் பெயரைச் சுட்டி ஒரு தானியங்கிக் குறிப்பு உடனே விழும்படி செய்யுங்கள்.

வார்ப்புருவும் உருவாக்கும் கருவியும் உங்கள் நிறுவனத்தின் உள் களஞ்சியத்தில் மட்டும் இருந்தால் நிலைமை மோசம். நிரலை மட்டும் காட்டிவிட்டு, அதை மாற்றும் இடத்தை மறைத்து வைத்திருக்கிறீர்கள். முடிந்தால் கருவியையும் வெளியே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால், "இந்த அடைவில் உள்ளவற்றுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டாம், இஷ்யூ (பிழை அறிக்கை) மட்டும் எழுதுங்கள், இத்தனை நாளில் பதில் தருவோம்" என்று நேர்மையாக எழுதுங்கள். கசப்பாக இருந்தாலும் அரை நாளை வீணடிக்காது.

படி 5: பங்களிப்புக் கோப்பில் என்ன எழுதுவது

நன்றியில் தொடங்கி, ஃபோர்க் செய்வது எப்படி என்று பாடம் நடத்தி, நடத்தை விதியில் முடியும் பங்களிப்புக் கோப்புகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் படித்ததில்லை. கிட் தெரியாதவர் உங்கள் எஸ்டிகேவுக்குள் பிழை தேடி வரப்போவதில்லை. இரண்டு கட்டளைகள், அடைவுகளின் வரைபடம், சாவி தேவைப்படும் இடம், உருவாகும் நிரல் பற்றிய எச்சரிக்கை, பதில் எத்தனை நாளில் வரும் என்ற உறுதி, இவை போதும்.

ஒன்றைச் சேர்த்தால் பலன் அதிகம்: எதை ஏற்கமாட்டீர்கள் என்ற பட்டியல். சேவையில் இல்லாத வசதிகளை எஸ்டிகேவில் சேர்ப்பது, புதிய வெளிச் சார்புகளைக் கொண்டுவருவது, பெயரிடும் பாணியை மாற்றுவது, இயங்கும் நிரலை வெறுமனே அழகுபடுத்துவது போன்றவை. முன்கூட்டியே மறுப்பது, எழுதி முடித்த பிறகு மறுப்பதைவிட எவ்வளவோ மேல். நடத்தை விதிக்குத் தனிக் கோப்பு வையுங்கள்; புகார் யாருக்குப் போகும், அந்த ஒருவர் மீதே புகார் என்றால் யாரிடம் போவது என்பது அதில் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

படி 6: முதல் இஷ்யூவை நீங்கள் எழுதுங்கள்

"முதலில் எடுக்க நல்லது" என்ற முத்திரையைக் குத்திவிட்டு, உள்ளே "மறுமுயற்சி சரியில்லை, பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதி வைப்பது பரவலான பழக்கம். அப்படிப்பட்ட இஷ்யூவை எடுப்பவர் உங்கள் மனதில் இருப்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. நன்றாக எழுதிய ஒன்று இப்படி இருக்கும்:

"சேவை 429 (கோரிக்கைகள் அளவு மீறின) பதில் அனுப்பும்போது, எத்தனை விநாடி கழித்து வரலாம் என்பதை ரிட்ரை-ஆஃப்டர் தலைப்பில் சொல்கிறது. நாம் அதைப் பார்க்காமல் 1, 2, 4 விநாடி என்று நம் கணக்கில் காத்திருக்கிறோம். மாற்ற வேண்டிய இடம்: வலைத்தொடர்பு அடைவில் உள்ள மறுமுயற்சிக் கோப்பு, காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடும் செயற்கூறு. தலைப்பில் எண் இருந்தால் அத்தனை விநாடி காத்திருக்க வேண்டும். எச்டிடிபி விதிப்படி அங்கே தேதியும் வரலாம். அதை இந்த இஷ்யூவில் தொட வேண்டாம், தனியாக வைத்திருக்கிறோம். அதே அடைவின் சோதனைக் கோப்பில் 503 பதிலுக்கான சோதனை இருக்கிறது. அதை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்."

இடம், எதிர்பார்ப்பு, எல்லை, மாதிரி. இதில் எல்லைதான் விலை மதிப்புள்ளது. தேதி வடிவத்தைத் தொட வேண்டாம் என்ற ஒரு வரி இல்லாவிட்டால், ஆர்வமுள்ளவர் அதையும் எழுதி, நேர மண்டலச் சிக்கலில் மாட்டி, பாதியில் விட்டுவிடுவார். இப்படி ஒன்றை எழுத எடுக்கும் நேரத்தில் நீங்களே அதைத் திருத்திவிடலாம் என்று தோன்றும். உண்மைதான். நீங்கள் அந்த நேரத்தில் வாங்குவது திருத்தத்தை அல்ல, ஓர் ஆளை.

எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் காணாமல் போவதும் வழக்கமே. இரண்டு வாரம் அசைவில்லையென்றால் இஷ்யூ மீண்டும் எல்லோருக்கும் திறந்துவிடும் என்று முன்பே எழுதிவைத்தால் யாரையும் துரத்த வேண்டியதில்லை. ஆனால் அசைவில்லாத பிழை அறிக்கைகளைத் தானாக மூடும் ரோபோக்கள் எனக்கு ஆகவே ஆகாது. மூன்று மாதம் நீங்கள் பதில் சொல்லாததற்கு, அறிக்கை எழுதியவரைத் தண்டிக்கும் ஏற்பாடு அது.

படி 7: மீளாய்வு

மொசில்லா தன் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, முதல் திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மீளாய்வு கிடைத்தவர்கள் மிக அதிக அளவில் திரும்பி வந்தார்கள். 7 நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏறக்குறைய யாருமே வரவில்லை. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்பவர் இந்தப் படியைச் செய்யட்டும்.

48 மணிக்குள் முழு மீளாய்வு முடியாது என்றால் முதல் பதிலாவது போகட்டும்: "பார்த்தேன், திசை சரி, வியாழக்கிழமை முழுதாகப் படிக்கிறேன்." கிட்ஹப்பில் முதல்முறை வருபவரின் தானியங்கிச் சோதனைகள் பராமரிப்பாளர் அனுமதிக்கும்வரை ஓடாமல் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பொத்தானை யாரும் அழுத்தாமல் மூன்று நாள் கிடந்த புல் ரிக்வெஸ்டுகள் ஏராளம். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த வாரம் வெளியாட்களின் வரிசையைப் பார்ப்பதே அவருடைய முதல் வேலை என்று ஆக்கிவிடுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்றால் யாருடையதும் இல்லை.

மீளாய்வின் தொனி பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. என் கவனம் அதன் அளவில். இடைவெளி, மேற்கோள்குறி, இறக்குமதி வரிசை போன்றவற்றை வடிவமைப்புக் கருவியிடம் விட்டுவிடுங்கள். மனிதர் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதக் கூடாது. மீதமுள்ள கருத்துகளில், இணைப்பதற்குக் கட்டாயமானவை எவை, விருப்பப்பட்டால் செய்யலாம் என்பவை எவை என்று குறித்துக் காட்டுங்கள். பதினான்கு கருத்துகளை ஒரே எடையில் பெறுபவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. கட்டாயமான இரண்டை அவர் முடித்துவிட்டால், மாறியின் பெயர் மாதிரியான சில்லறைகளை நீங்களே அவருடைய கிளையில் திருத்தி இணைத்துவிடலாம். பராமரிப்பாளர் திருத்த அனுமதிக்கும் தெரிவு அதற்காகத்தான் இருக்கிறது. கமிட்டில் அவர் பெயர் அப்படியே இருக்க வேண்டும்.

சோதனை எழுதத் தெரியாமல் திருத்தம் மட்டும் அனுப்பியவரிடம் "சோதனை எங்கே?" என்று கேட்பதைவிட, தோல்வியடையும் சோதனை ஒன்றை நீங்கள் எழுதி அவர் கிளையில் சேர்ப்பது வேகமானது. அடுத்த முறை அவரே எழுதுவார்.

இணைத்த பிறகு ஒரு வேலை மிச்சம். திருத்தம் எந்தப் பதிப்பில் வெளியாகும் என்று சொல்லுங்கள், விரைவாக வெளியிடுங்கள். வேலையில் மாட்டிக்கொண்டு வந்தவருக்குத் தேவை வெளியான பதிப்பு. இணைத்துவிட்டு மூன்று மாதம் வெளியிடாமல் வைத்திருந்தால், அவர் தன் நிறுவனத்துக்குள் வைத்திருக்கும் நகலைத்தான் அதுவரை பராமரிப்பார்.

அண்மைக் காலத்தில் ஒரு புதுத் தொல்லை: செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் கேட்டு, தானே படித்துப் பார்க்காமல் அனுப்பப்படும் திருத்தங்களும் பாதுகாப்பு அறிக்கைகளும். தரவுப் பரிமாற்றக் கருவியான கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 முதலே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதிவருகிறார். கருவியைத் தடைசெய்வதைவிடப் பொறுப்பைக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும்: அனுப்பியவரால் ஒவ்வொரு வரியையும் விளக்க முடியவேண்டும், முடியாவிட்டால் விவாதமின்றி மூடப்படும்.

படி 8: பொது இடைமுகத்தைத் தொடும் மாற்றங்கள்

பிழைத்திருத்தம் ஒரு வகை. பயனர் அழைக்கும் புதிய செயற்கூறு இன்னொரு வகை. இரண்டாவதை ஒருமுறை வெளியிட்டால், பழைய நிரலை உடைக்கும் மாற்றத்துக்குப் பெரும் பதிப்பு எண்ணை ஏற்றச் சொல்லும் பொருள்சார் பதிப்பு முறையின்படி (செம்வர்) அடுத்த பெரும் பதிப்புவரை அதை எடுக்க முடியாது. ஆவணத்தில் இல்லாத நடத்தையைக்கூட யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்கிறது ஹைரம் விதி. ஆகவே பொது இடைமுகத்தை மாற்றும் எதற்கும் நிரலுக்கு முன் ஒரு பக்க முன்மொழிவு கேளுங்கள்: பயனர் எழுதப்போகும் நிரல் எப்படி இருக்கும், பழைய நிரல் உடையுமா, மற்ற மொழிகளின் எஸ்டிகேவில் இதன் வடிவம் என்ன.

ரஸ்ட் மொழி 2014 முதல் இப்படிப்பட்ட முன்மொழிவுகளைப் பொதுவெளியில் நடத்துகிறது. முடிவெடுக்கும் முன் 10 நாள் இறுதிக் கருத்துக்காலம் என்று நாள் குறித்துவிடுகிறது. அந்தக் கெடுவைக் கட்டாயம் கடன் வாங்குங்கள். கெடு இல்லாத முன்மொழிவில் பேச்சு நீண்டுகொண்டே போகும், கடைசியில் களைப்படையாதவர் வெல்வார்.

மறுப்பதானால் விரைவாக மறுத்துவிடுங்கள். காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்து எழுதுங்கள். இடைமுகம் தற்செயலாக மாறுவதைப் பிடிக்கக் கருவிகள் உண்டு: ரஸ்டுக்கு கார்கோ-செம்வர்-செக்ஸ், கோட்லினுக்கு இருமப் பொருத்தம் சரிபார்க்கும் செருகல். அவை கத்தினால் மனிதர் கத்த வேண்டியதில்லை.

படி 9: மூலைகளைப் பிரித்துக் கொடுங்கள்

இரண்டு மூன்று திருத்தம் அனுப்பியவரைத் தக்கவைப்பது பாராட்டால் நடக்காது, உடைமையால் நடக்கும். எஸ்டிகேவின் மையம் சிறியதாகவும் இறுக்கமாகவும் இருக்கட்டும். அதைச் சுற்றி, பிறர் சொந்தமாக்கிக்கொள்ளக்கூடிய ஓரங்களை வடிவமைப்பிலேயே ஏற்படுத்துங்கள். வலைத்தொடர்பு அடுக்கை மாற்றிக்கொள்ளலாம், சேமிப்பகத்தை மாற்றிக்கொள்ளலாம், குறிப்பிட்ட வலைச் சட்டகத்துக்கான இணைப்பைத் தனிப் பொதியாக எழுதலாம் என்ற அமைப்பு இருந்தால், மையக் குழுவின் அனுமதிக்காகக் காத்திராமல் ஒருவர் தன் மூலையில் வேலை செய்ய முடியும்.

ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் இரண்டும் இணைந்து 2019-இல் பிறந்த, செயலிகளின் இயக்கத்தைக் கண்காணிக்கத் தரவு சேகரிக்கும் ஓப்பன்டெலிமெட்ரி இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குழு; எல்லா மொழிகளுக்கும் பொதுவான விவரக்குறிப்பு; மையக் களஞ்சியத்துக்கு வெளியே, எண்ணற்ற இணைப்புகளுக்கான தனிப் பங்களிப்புக் களஞ்சியங்கள், அங்கே ஒவ்வொரு கூறுக்கும் பெயர் குறித்த உரிமையாளர்கள். உங்கள் திட்டம் அதில் நூறில் ஒரு பங்காக இருந்தாலும் அமைப்பு அதுவே. எந்த அடைவுக்கு யார் பொறுப்பு என்று உரிமையாளர் கோப்பில் எழுதினால், அந்த அடைவைத் தொடும் மாற்றங்கள் தானாக அவரிடம் மீளாய்வுக்குப் போகும்.

உரிமையாளர் இல்லாத மூலையை என்ன செய்வது? "பராமரிப்பாளர் தேவை" என்று பொதுவில் எழுதுங்கள், ஒரு வெளியீட்டுக்காலம் காத்திருங்கள், யாரும் வராவிட்டால் நீக்குங்கள். நீக்கப்போகிறோம் என்ற அறிவிப்புக்குத்தான் சில சமயம் ஆள் வருவார்.

படி 10: அதிகாரத்தைக் கொடுப்பதும் காப்பதும்

ஏணியை எழுதிவையுங்கள். பெரிய திறமூலத் திட்டமான குபர்நெட்டிஸில் உறுப்பினர், மீளாய்வாளர், ஒப்புதலாளர் என்று படிகள் உண்டு. உறுப்பினராவதற்கு, ஏற்கெனவே திட்டத்தில் உள்ள இருவர் பரிந்துரைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் என்ன செய்திருக்க வேண்டும், என்ன உரிமை கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்கிறது. சிறு திட்டத்துக்கு இரண்டே படிகள் போதும்: இஷ்யூக்களை வகைப்படுத்தி மீளாய்வு செய்பவர், இணைப்பவர். தகுதியானவரை நீங்களே தேடிப்போய் அழையுங்கள். தானாகக் கேட்பவர்களை மட்டும் சேர்த்தால் துணிச்சல் உள்ளவர்கள் சேருவார்கள், கவனமாக வேலை செய்பவர்கள் வெளியே நிற்பார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பேச வேண்டும். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியை அதன் ஆசிரியர் உதவ முன்வந்த அந்நியர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அந்த அந்நியர் பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்த நிரலை உள்ளே நுழைத்தார். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தில் பின்கதவு (ரகசிய நுழைவழி) கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்த கணக்கு இரண்டு ஆண்டுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி, களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் துருவிப் பார்த்திராவிட்டால் அது இன்னும் பரவியிருக்கும்.

இதைப் படித்துவிட்டுக் கதவை மூடுபவர்கள் தவறான பாடத்தைக் கற்கிறார்கள். எக்ஸ்இசட்டில் சுரண்டப்பட்டது ஒற்றை ஆளின் தனிமை. செய்ய வேண்டியவை வேறு: இணைக்கும் உரிமையையும் வெளியிடும் உரிமையையும் பிரியுங்கள், யாருடைய மாற்றத்துக்கும், மூத்தவருடையதற்கும், இன்னொருவர் ஒப்புதல் வேண்டும், வெளியீடு ஒருவருடைய மடிக்கணினியிலிருந்து போகாமல், பொதுவில் தெரியும் தானியங்கி வழியாக மட்டும் போக வேண்டும். பைத்தான் பொதிகளை வெளியிடும் தளமான பைபிஐ 2023-இல் கொண்டுவந்த நம்பகமான வெளியீட்டு முறை இருந்தால், நீண்டகாலச் சாவியை யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டிய தேவையே இல்லை. எஸ்டிகே ஆயிரக்கணக்கான செயலிகளுக்குள் நுழையும் பொருள் என்பதால் இதில் சமரசம் கூடாது.

படி 11: எஸ்டிகே நிறுவனத்துடையது என்றால்

உள் களஞ்சியத்தில் வேலை நடந்து, வெளியே நகல் மட்டும் வருகிற ஏற்பாடு பரவலானது. கூகுள் வெளியிட்ட காப்பிபாரா போன்ற கருவிகள் இரண்டையும் ஒத்திசைக்கின்றன. வெளியாளின் திருத்தம் உள்ளே இறக்கப்பட்டு, பிறகு வேறொரு கமிட்டாக வெளியே வருகிறது. அவருடைய புல் ரிக்வெஸ்டோ "மூடப்பட்டது" என்று காட்டும், "இணைக்கப்பட்டது" என்று காட்டாது. உழைத்தவர் அதை நிராகரிப்பாகவே படிப்பார். கமிட்டின் ஆசிரியராக அவர் பெயரையே வையுங்கள். குறைந்தபட்சம் இணை ஆசிரியர் வரியாவது இருக்கட்டும். மூடும்போது எந்தக் கமிட்டில் அவருடைய வேலை வந்தது என்ற இணைப்பும் வேண்டும். இதைவிட நல்லது, வெளிக் களஞ்சியத்தையே மூலமாக்கிவிடுவது. உங்கள் ஊழியர்களும் அதே வாசலில், அதே மீளாய்வில் நிற்கும்போது வாசலின் குறைகள் தானாகத் திருந்தும்.

உரிமத்தை மாற்றும் ஆசை வரும்போது, 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெர்ராஃபார்ம் கருவியைத் திறமூல உரிமத்திலிருந்து வணிக உரிமத்துக்கு மாற்றியதையும், சில வாரங்களில் அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். பங்களிப்பாளர் ஒப்பந்தம் இருந்ததால் சட்டப்படி முடிந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தால் சமூகத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

படி 12: எதை எண்ணுவது

கிட்ஹப்பில் கிடைக்கும் நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். முதல் பதிலுக்கு எத்தனை மணி நேரம், இணைக்கப்பட்டதிலிருந்து வெளியீட்டுக்கு எத்தனை நாள், ஒருமுறை வந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் எத்தனை பேர் மீண்டும் வந்தார்கள், உங்கள் நிறுவனத்தைச் சேராதவர் செய்த மீளாய்வுகள் எத்தனை. கடைசி எண் மெதுவாகத்தான் ஏறும். அது பூச்சியமாகவே இருந்தால் உங்களிடம் இருப்பது பயனர் கூட்டம் மட்டுமே.

பரிசு கொடுத்து எண்ணிக்கையை ஏற்ற வேண்டாம். திருத்தம் அனுப்புவோருக்கு டி-சட்டை தந்த, டிஜிட்டல்ஓஷனின் அக்டோபர் மாத நிகழ்வான ஹேக்டோபர்ஃபெஸ்டில், 2020-இல், அந்தச் சட்டைக்காக வந்த பயனற்ற புல் ரிக்வெஸ்டுகளால் பராமரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். அதே மாதம் விதி மாற்றப்பட்டு, விரும்பிச் சேரும் களஞ்சியங்களில் மட்டும் கணக்கு என்று ஆனது. நன்றி சொல்ல விரும்பினால் வெளியீட்டுக் குறிப்பில் பெயரையும் அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். ஆவணம் திருத்தியவர், பிழையை மீளச் செய்துகாட்டியவர், மற்றவர்களின் கேள்விக்குப் பதில் சொன்னவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

படி 13: போகிறவர்களுக்கும் வழி

வேலை மாறும், குழந்தை பிறக்கும், அந்தச் சேவையைப் பயன்படுத்தும் தேவையே தீர்ந்துவிடும். எஸ்டிகே பங்களிப்பாளர்களில் பெரும்பாலோர் வேலை வழியாக வந்தவர்கள் என்பதால் வேலையோடு போவதும் இயல்பு. "முன்னாள் பராமரிப்பாளர்" என்ற நிலையை ஏணியிலேயே எழுதிவையுங்கள். ஆறு மாதம் அசைவில்லையென்றால் ஒரு கடிதம், பதிலில்லையென்றால் தானாக அந்த நிலைக்கு மாற்றம். பெயர் பட்டியலில் இருக்கும். இணைக்கும் உரிமையும் வெளியிடும் உரிமையும் அன்றே எடுக்கப்படும், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். திரும்பி வந்தால் நேராகப் பழைய நிலைக்கே வரலாமா, சில மீளாய்வுகளுக்குப் பிறகா என்பதையும் அதே கோப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இடைவெளி எடுத்தவர் கேட்கத் தயங்கும் கேள்வி அது.